தாஷ்கண்ட்: ஒரு ஓட்டல், ஒரு பூகம்பம், பதினைந்து பிள்ளைகள்

தாஷ்கண்ட் என்றால் நம் அப்பா, தாத்தா தலைமுறைக்கு உடனே ஞாபகம் வருவது லால் பகதூர் சாஸ்திரிதான். 1966 ஜனவரி 10ஆம் தேதி அங்கேதான் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 11ஆம் தேதி அதிகாலையில் அங்கேயே இறந்து போனார். நேருவுக்குப் பிறகு அவரைப் பிரதமராக்கியதில் காமராஜருக்கு எவ்வளவு பெரிய பங்கு இருந்தது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் தமிழ்நாட்டிலும் அந்த ஊர்ப் பெயர் ஒரு துக்கச் செய்தியாகவே பதிந்துவிட்டது.

அதே 1966இல், சாஸ்திரி இறந்து மூன்றரை மாதம் கழித்து, அந்த ஊரே தரைமட்டமானது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அங்கே போகும்வரை தெரியாது. அதற்குப் பிறகு கட்டிய புது நகரத்தின் நடுவில் நிற்கும் ஒரு ஓட்டலில் 2019 அக்டோபரில் நானும் தங்கமணியும் ஐந்து ராத்திரி தங்கினோம். இந்தப் பதிவு அந்த ஓட்டலைப் பற்றியும், அந்த ஊரைப் பற்றியும், அந்த ஊர் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றியும்.

ஏன் தாஷ்கண்ட் என்று டெல்லி நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். சிங்கப்பூர் போகலாம், துபாய் போகலாம், இது என்ன ஊர்? காரணம் ரொம்ப சாதாரணம். டெல்லியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். 2018 ஜூலையிலிருந்து இந்தியர்களுக்கு இ-விசா, இருபது டாலர். பேங்க் ஆபீசர் பட்ஜெட்டுக்கு இதைவிட அருகில் வேறு வெளிநாடு அகப்படவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2018இல் நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க காராவில் (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) பதிவு செய்திருந்தோம். ஆவணங்கள் எல்லாம் ஏற்றி, வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதி, எல்லாம் முடிந்து, வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். தங்கமணிதான் சொன்னாள்: "ஏங்க, ஒரு அஞ்சு நாள் அந்த நம்பரைப் பாக்காம எங்கயாவது போய் இருந்துட்டு வரலாம்." அப்படிக் கிளம்பியதுதான். அங்கே தத்தெடுக்கப் போகவில்லை. ஆனால் போன ஊர் தத்துப் பிள்ளைகளின் ஊராக இருந்தது.

திறந்த புத்தகம்

ஓட்டல் உஸ்பெகிஸ்தான் 1974இல் திறக்கப்பட்டது. 17 மாடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புத்தகத்தை லேசாகத் திறந்து நிறுத்தி வைத்தது போல உள்பக்கம் வளைந்து நிற்கும். முகப்பு முழுக்க சிமெண்ட் ஜாலி. மத்திய ஆசிய வெயிலைத் தடுக்க அங்கே பழைய வீடுகளில் மரத்தில் செய்த ஜன்னல் தட்டிக்கு 'பஞ்சரா' என்று பெயர். அதையே கான்கிரீட்டில் பெரிதாக வார்த்து கட்டடம் முழுக்கப் போர்த்திவிட்டார்கள். டெல்லிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஹுமாயூன் கல்லறையில் நாம் பார்க்கும் ஜாலிக்கு இது தூரத்துச் சொந்தம். ஹுமாயூனின் அப்பா பாபர் பிறந்த அந்திஜான் இன்றைய உஸ்பெகிஸ்தானில்தானே இருக்கிறது.

சோவியத் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் நினைத்த இடத்தில் தங்க முடியாது. 1929இல் தொடங்கிய இன்டூரிஸ்ட் என்ற அரசு நிறுவனம்தான் ஓட்டல், பஸ், கைடு எல்லாம் ஏற்பாடு செய்யும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். ரஷ்ய மொழியில் 'திஷூர்னயா', அதாவது டூட்டியில் இருப்பவர். அறைச் சாவி அவரிடம்தான். வெளியே போகும்போது கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு வந்தார் எல்லாம் அவருக்குத் தெரியும். டீ வேண்டுமென்றாலும் அவர், தைக்க ஊசி நூல் வேண்டுமென்றாலும் அவர். நம் ஊர் ஹாஸ்டல் வார்டனையும் பக்கத்து வீட்டு மாமியையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

நாங்கள் போன காலத்தில் அந்த ஆட்சி போய் 28 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு வழக்கம் மிச்சமிருந்தது. வெளிநாட்டுப் பயணி தங்கியதற்கு அத்தாட்சியாக ஓட்டலில் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வவுச்சரைத் தூக்கிப் போடாத புத்தி எனக்கு எப்போதும் உண்டு.

அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அமீர் தைமூர் சதுக்கம். குதிரை மேல் தைமூர் சிலை. இந்த ஒரு இடத்தில் யார் யார் சிலை இருந்தது என்று பார்த்தாலே அந்த ஊரின் நூறு வருஷ வரலாறு வந்துவிடும். 1913இல் ஜார் மன்னரின் தளபதி காஃப்மன். புரட்சிக்குப் பின் அவர் போனார். பிற்பாடு ஸ்டாலின் வந்தார், அவரும் போனார். 1968இல் கார்ல் மார்க்ஸ். சுதந்திரம் கிடைத்த பிறகு 1993இல் தைமூர். பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு, 1947இல் கட்டியது. அதன் உள்ளே இருக்கும் கடிகார இயந்திரம் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கிழக்கு பிரஷ்யாவில், அல்லென்ஸ்டைன் ஊரிலிருந்து போர் வெற்றிப் பொருளாகக் கொண்டு வந்தது. சதுக்கத்தில் இருந்த பழைய சினார் மரங்களை 2009இல் வெட்டிவிட்டார்கள். சிலை மாறியதற்கு வருத்தப்படாத ஊர்க்காரர்கள்கூட மரம் போனதற்கு வருத்தப்பட்டார்கள்.

5 மணி 23 நிமிடம்

1966 ஏப்ரல் 26, அதிகாலை 5:23. பூகம்பத்தின் அளவு ஐந்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. எண்ணைக் கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் மையம் நகரத்துக்கு நேர் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. மண்ணும் பச்சைச் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் தாங்கவில்லை. சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதிர்ச்சி கீழிருந்து மேலாக வந்ததாலும், வீடுகள் தாழ்வாக இருந்ததாலும், அழிவோடு ஒப்பிட்டால் உயிர்ச் சேதம் குறைவு என்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய காரியம். சோவியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டட வேலைக்காரர்கள் ரயில் ரயிலாக வந்தார்கள். உக்ரைன்காரர்கள் ஒரு பகுதி, ரஷ்யாக்காரர்கள் ஒரு பகுதி, பால்டிக்காரர்கள் ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு கட்டினார்கள். அகலத் தெருக்கள், நாலு மாடி ஒன்பது மாடி அடுக்ககங்கள், நிறைய நீரூற்றுகள். 1977இல் மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ ரயில். அந்தப் புது நகரத்துக்கு ஒரு முகம் வேண்டுமல்லவா, அதுதான் எங்கள் ஓட்டல்.

பூகம்ப மையத்தில் 1976இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். நாங்கள் இரண்டாம் நாள் போனோம். ஒரு கறுப்புக் கல் கனசதுரம், நடுவில் பிளந்திருக்கிறது. ஒரு பக்கம் நின்றுபோன கடிகாரம், இன்னொரு பக்கம் தேதி. பின்னால் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. ஆண் கையை நீட்டித் தடுத்து நிற்கிறான், பெண் குழந்தையை அணைத்திருக்கிறாள். செய்தவர் திமீத்ரி ரியாபிச்சேவ் என்ற சிற்பி. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

ரயிலில் வந்த பிள்ளைகள்

தாஷ்கண்டுக்கு சோவியத் நாட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரொட்டி நகரம். 1921இல் வோல்கா நதிப் பக்கம் பயங்கரப் பஞ்சம் வந்தபோது, தாஷ்கண்ட் போனால் ரொட்டி கிடைக்கும் என்று ஜனங்கள் ரயிலேறினார்கள். அப்படி ஒரு சிறுவன் புறப்பட்டுப் போகும் கதையை அலெக்சாந்தர் நெவேரவ் 1923இல் நாவலாக எழுதினார். அதன் தலைப்பே ஊருக்குப் பெயராகிவிட்டது.

இருபது வருஷம் கழித்து அதே தண்டவாளத்தில் மறுபடி கூட்டம். 1941 ஜூனில் ஹிட்லர் படை சோவியத்துக்குள் நுழைந்ததும், மேற்கே இருந்த தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிகள், மனிதர்கள் என்று எல்லாவற்றையும் கிழக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதில் சுமார் இரண்டு லட்சம் பேர் குழந்தைகள் என்று சொல்வது வழக்கம். நிறைய பேர் அப்பா அம்மா இல்லாமல் வந்தார்கள். சிலருக்கு இறந்துவிட்டார்கள், சிலருக்கு எங்கே என்றே தெரியாது. தன் முழுப் பெயரைச் சொல்லத் தெரியாத வயசுப் பிள்ளைகளும் அந்த ரயில்களில் இருந்தார்கள்.

தாஷ்கண்ட் ரயில் நிலையத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு மையம் வைத்தார்கள். வண்டி வந்ததும் இறக்கி, குளிப்பாட்டி, சோறு போட்டு, டாக்டர் பார்த்து, பெயர் எழுதி, பிறகு அனாதை இல்லத்துக்கோ ஏதாவது வீட்டுக்கோ அனுப்பினார்கள். ரஷ்யாவின் புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளர் கர்னேய் சுகோவ்ஸ்கியும் அப்போது அகதியாக அந்த ஊரில்தான் இருந்தார். அந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்தார், 1942இல் 'உஸ்பெகிஸ்தானும் குழந்தைகளும்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவருடைய மகள் லிதியா சுகோவ்ஸ்கயா, பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைத் தாங்களே சொன்னதை எழுதித் தொகுப்பாக்கினார். கவிஞர் அன்னா அக்மதோவாவும் அதே காலத்தில் தாஷ்கண்டில்தான் இருந்தார், 1942இல் டைஃபஸ் வந்து பிழைத்தார். ரொட்டி நகரம் என்று பெயர்தான். ரேஷன், பசி, தொற்று நோய் எல்லாம் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே வயிறு நிறையாத காலம் அது.

அந்தக் காலத்தில்தான் ஒரு உஸ்பெக் கவிஞர், கஃபூர் குலாம், 1942இல் ஒரு கவிதை எழுதினார். தலைப்பு 'சென் யத்தீம் எமஸ்ஸன்'. நீ அனாதை இல்லை என்று அர்த்தம். அவரே சின்ன வயசில் அப்பாவையும் அம்மாவையும் இழந்தவர்.

தலைப்பின் நடுவில் இருக்கும் அந்த 'யத்தீம்' என்ற சொல் டெல்லியில் இருப்பவர்களுக்கு ஹிந்தி சினிமாவிலேயே பழக்கம். இப்படி நிறைய சொற்கள். ஓட்டலுக்கு அவர்கள் மொழியில் 'மெஹ்மோன்கோனா', நம் ஹிந்திக்காரர்களின் மெஹ்மான்கானா. அனாதை இல்லத்துக்கு 'மெஹ்ரிபோன்லிக் உயி', மெஹர்பான் என்ற சொல்லிலிருந்து வந்தது, அன்பின் வீடு என்று சொல்லலாம். நம் அரசு ஆவணங்களில் இருக்கும் 'ஆதரவற்றோர்' என்ற சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே பெயரிலேயே ஆதரவு இருக்கிறது.

கொல்லர் வீடு

தாஷ்கண்டில் ஷாஅக்மத் ஷாமக்முதோவ் என்று ஒரு கொல்லர். மனைவி பஹ்ரி அக்ரமோவா. போர்க் காலத்தில் இவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். மொத்தம் பதினைந்து பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ரஷ்யப் பிள்ளை, உக்ரைன் பிள்ளை, பெலாரஸ் பிள்ளை, யூதப் பிள்ளை, தாத்தார் பிள்ளை என்று ஒவ்வொன்றும் ஒரு திக்கு. கொல்லுப் பட்டறைச் சம்பாத்தியத்தில், ரேஷன் காலத்தில், பதினைந்து தட்டு. நான் கடன் விண்ணப்பம் பார்த்தே பாதி சர்வீஸை ஓட்டியவன். வருமானம், செலவு, திருப்பிக் கட்டும் சக்தி என்று போட்டுப் பார்த்தால் இந்த விண்ணப்பத்தை எந்த மேனேஜரும் சேங்ஷன் செய்ய மாட்டார்.

இவர்கள் கதையை வைத்து ரஹ்மத் ஃபைஸி எழுதினார். ஷுஹ்ரத் அப்பாசோவ் 1962இல் சினிமா எடுத்தார், தலைப்பு அந்தக் கவிதையின் தலைப்பேதான். 1982இல் மக்கள் நட்புறவு அரண்மனை என்ற பெரிய அரங்கத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குச் சிலை வைத்தார்கள். நடுவில் கொல்லர், பக்கத்தில் மனைவி, சுற்றிலும் பிள்ளைகள். செய்தவர் யார் தெரியுமா? அதே ரியாபிச்சேவ்.

சோவியத் போனதும் அரசியல் மாறியது. 2008இல் அந்தச் சிலையை அங்கிருந்து எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பத்து வருஷம் அங்கே இருந்தது. ஆட்சி மாறிய பிறகு 2018இல் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தினார்கள். தத்துப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் சிலைக்கே இடம் தேட வேண்டியதாகிவிட்டது. நாங்கள் போனபோது அது திரும்பி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தங்கமணி சிலையைச் சுற்றி வந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பதினைந்து பேரில் ஒரு உக்ரைன் பையனை அவனைப் பெற்ற தாய் பல பத்து வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார். அதற்குள் அவன் உஸ்பெக் பெயரோடு வளர்ந்து, அந்த ஊர்க்காரனாகவே ஆகியிருந்தான். இதைப் படித்துச் சொன்னதும் தங்கமணி கேட்ட கேள்வி: "அப்ப அவன் யாரை அம்மான்னு கூப்பிட்டிருப்பான்?" "ரெண்டு பேரையும்தான்" என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

அதே தண்டவாளம், வேறு ரயில்

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் சொன்னதாக இருக்கும். ஓட்டலில் காலை உணவில் காரமாக ஒரு கேரட் சாலட் இருந்தது. சைவம் தேடி அலையும் நமக்கு அது அமிர்தம். 'மார்கோவ்ச்சா' என்று பெயர், கொரியக் கேரட் என்றும் சொல்கிறார்கள். உஸ்பெகிஸ்தானில் ஏது கொரியா? 1937இல் ஸ்டாலின் அரசு சோவியத்தின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த கொரியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை, ஜப்பானுக்கு உளவு சொல்வார்கள் என்ற சந்தேகத்தில், சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் கொண்டுவந்து இறக்கியது. கிம்ச்சி போட முட்டைக்கோஸ் வகை கிடைக்கவில்லை, கேரட் கிடைத்தது. அந்தச் சாலட் அப்படிப் பிறந்தது.

1944 மே மாதம் கிரிமியத் தாத்தார்கள். மூன்றே நாளில் ஒரு இனத்தையே காலி செய்தார்கள். உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர். வழியிலும் வந்த பிறகும் ஏராளமானோர் செத்தார்கள். ஆக, பிள்ளைகளைக் காப்பாற்றக் கொண்டுவந்த அதே அரசு, அதே தண்டவாளத்தில், வேறு பிள்ளைகளை அனாதையாக்கியும் கொண்டுவந்தது. சுவரொட்டியில் முதல் கதை மட்டும் இருந்தது.

அதனால் நான் இதில் அரசுக்குக் கொடுக்கும் மதிப்பெண் தனி, கொல்லருக்குக் கொடுப்பது தனி. ஆணை போடுவது அரசாங்கம். ராத்திரி எழுந்து அழும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது ஒரு வீட்டு அம்மா. மொழி தெரியாத பிள்ளை என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியதும் அவர்தான்.

தத்தெடுக்க வந்தவர்களின் அறைகள்

1991க்குப் பிறகு இந்த மாதிரி சோவியத் ஓட்டல்களுக்கு வேறொரு வகை விருந்தாளிகள் வந்தார்கள். மாஸ்கோ, கீவ், அல்மாட்டி என்று முன்னாள் சோவியத் நகரங்களுக்கு அமெரிக்க, ஐரோப்பியத் தம்பதிகள் தத்தெடுக்க வந்தார்கள். கஜகஸ்தானில் குறைந்தது 14 நாள் தினமும் இல்லத்துக்குப் போய்க் குழந்தையோடு பழக வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. அதற்கப்புறம் நீதிமன்றம். ஆகவே வாரக் கணக்கில் தங்க வேண்டியிருந்தது.

அல்மாட்டியில் ஓட்டல் கஜகஸ்தான் என்று ஒன்று, 1977இல் கட்டியது, 26 மாடி, உச்சியில் கிரீடம் மாதிரி இருக்கும். 2006இல் வெளியான 5000 தெங்கே நோட்டின் பின்பக்கம் அதன் படம் இருக்கிறது. நோட்டில் அச்சான ஓட்டல் என்றால் எங்களுக்கெல்லாம் தனி மரியாதை. மாஸ்கோவில் 1967இல் திறந்த ரஸ்ஸியா ஓட்டலில் மூவாயிரத்துக்கு மேல் அறைகள். 2006இல் மூடி இடித்து, அந்த இடத்தில் 2017இல் பூங்கா திறந்தார்கள். இப்படிப்பட்ட கட்டடங்களின் அறைகளில் கையில் ஒரு பொம்மையும், சரியான அளவா என்று தெரியாத சின்னச் சட்டைகளுமாக எத்தனை தம்பதிகள் நாளைய கோர்ட்டை நினைத்துத் தூங்காமல் இருந்திருப்பார்கள்.

ரஷ்யாவிலிருந்து மட்டும் சுமார் 60,000 குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். 2013 ஜனவரி 1 முதல் ரஷ்யா அமெரிக்கர்களுக்குத் தத்து கொடுப்பதை அடியோடு நிறுத்தியது. ரஷ்ய அதிகாரிகள் மேல் அமெரிக்கா கொண்டுவந்த மக்னிட்ஸ்கி சட்டத்துக்குப் பதிலடி அது. பிள்ளையை நேரில் பார்த்து, தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களும் நடுவழியில் நின்றன. பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகளின் ஃபைல் மூடப்பட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கு

காராவில் வயசுக் கணக்கு ஒன்று உண்டு. தத்தெடுக்கும் தம்பதியின் வயசைக் கூட்ட வேண்டும். நாங்கள் பதிந்தபோது எனக்கு 42, அவளுக்கு 40, மொத்தம் 82. அன்றைய விதிப்படி நாலு வயசு வரையுள்ள குழந்தைக்கு 90க்குள் இருக்க வேண்டும், நாலிலிருந்து எட்டுக்கு 100க்குள். (2022 விதிகளில் இரண்டு வயசு வரைக்கும் 85 என்று குறைத்துவிட்டார்கள். யோசிப்பவர்கள் சீக்கிரம் யோசியுங்கள்.) எல்லோரையும் போல நாங்களும் இரண்டு வயசுக்குள் என்றுதான் கேட்டிருந்தோம். "கைக்குழந்தையா இருந்தாத்தான் ஒட்டும் மாப்பிள்ளை. விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா பழசையே நினைச்சிட்டிருக்கும்" என்று மாமியார் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் அக்கறைதான் இருந்தது.

ஆனால் தாஷ்கண்ட் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளில் பலருக்கு விவரம் தெரியும். குண்டு விழுந்தது தெரியும், அம்மா போனது தெரியும். தெரிந்தேதான் வேற்று மொழிக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வளர்ந்தார்கள். கடைசி ராத்திரி அறையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் இதைப் பற்றியே பேசினோம். பழசை நினைத்தால் என்ன? நாமும்தான் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷமாக ஊரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த ஊரோடு ஒட்டாமலா போனோம்?

திரும்பி வந்ததும் வயசு விருப்பத்தை நாலிலிருந்து ஆறு என்று மாற்றினோம். 2020 கொரோனாவில் போயிற்று. 2021இல் அழைப்பு வந்தது. விவரத்தைப் பார்த்து 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஐந்து வயசுப் பெண். அப்போது நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும், 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே உத்தரவு போடுகிறார்.

பெயரை மாற்றலாமே, நல்ல தமிழ்ப் பெயராக வைக்கலாமே என்று சொந்தத்தில் நிறைய பேர் சொன்னார்கள். மாற்றவில்லை. அவள் வரும்போது கையில் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். ஆரம்பத்தில் எங்களை அங்கிள், ஆண்டி என்றுதான் கூப்பிட்டாள். ராத்திரி விளக்கை அணைக்க விட மாட்டாள். சப்பாத்தியை ஒளித்து வைப்பாள். இதெல்லாம் மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து லேட்டாக வந்ததற்கு "ஏன்ப்பா லேட்டு?" என்று ஹிந்தி வாசனைத் தமிழில் அதட்டினாள். மாமியாருக்கு இப்போது அவளில்லாமல் சீரியல் ஓடாது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவளுக்குக் கல்லூரி முடியும் முன் ரிட்டையர் ஆகிவிடுவேன் என்பதால் இப்போதே தனியாக ஒரு ஆர்.டி. போட்டு வருகிறேன்.

கொல்லர் வீட்டோடு எங்களை ஒப்பிடவில்லை. அவர்கள் பதினைந்து பேர், நாங்கள் ஒன்று. அவர்கள் பஞ்சத்தில் செய்தார்கள், நாங்கள் மாதச் சம்பளத்தில் செய்தோம். ஆனால் கையில் எல்லாம் சேர்ந்த பிறகு, எல்லாம் சரியாக இருந்தால் தத்தெடுக்கலாம் என்று தள்ளிப் போடும் நண்பர்களுக்கு அந்தச் சிலையின் போட்டோவைத்தான் அனுப்புகிறேன்.

கொசுறு 1: தாஷ்கண்டுக்கு நம்மவர் சம்பந்தம் சாஸ்திரிக்கும் முன்னாலேயே உண்டு. 1920 அக்டோபர் 17இல் எம்.என்.ராய் முதலானோர் கூடி இந்திய கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தது அங்கேதான். அதற்குத் தலைவராக இருந்தவர் சென்னைக்காரர் எம்.பி.டி. ஆச்சார்யா, புதுச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். சாஸ்திரிக்கு அங்கே ஒரு தெருவும் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன.

கொசுறு 2: போகிறவர்கள் கவனத்துக்கு. நாங்கள் போனபோது ஒரு டாலருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் சோம். 2017 செப்டம்பரில் அவர்கள் நாணயத்தின் அதிகாரபூர்வ மதிப்பை ஒரே நாளில் கிட்டத்தட்ட பாதியாக இறக்கி, கறுப்புச் சந்தையை ஒழித்தார்கள். அதற்கு முன் போனவர்கள் பை நிறைய நோட்டுக்கட்டு சுமந்தார்களாம். சைவர்களுக்கு 'நோன்' ரொட்டி, பரங்கிக்காய் வைத்த சம்சா, தயிர், சோர்சு பஜாரில் மலை மலையாகப் பழம். பட்டினி கிடக்க வேண்டாம்.

கொசுறு 3: தத்தெடுப்பு விதிகள், ஆவணங்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு "நிஜ அம்மா அப்பா யாராம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் சொல்ல அவள் தயார், நீங்கள்தான் சங்கடப்படுவீர்கள்.